கற்பிக்கும் மென்பொருளை மாணவர் ஆக்குதல்

முன்னுரை

கணிப்பொறி கல்வியுள் புகுந்த நாள்தொட்டு, அதனை மாணவர்க்குப் பயன்படுமாறு அமைப்பது எங்ஙனம் என்னும் வினா ஆராயப்பட்டு வருகின்றது. அறிந்தோர் பாடங்களை மென்பொருளாக அமைத்தல் வேண்டும். மாணவர் அவற்றைக் கொண்டு கற்றல் வேண்டும் என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. அமைப்போர் ஒருவர், கற்போர் மற்றொருவர் என்னும் இப்பிரிவு இயல்பானதென நாமும் கொண்டுவிட்டோம். ஆயின், பாடத்தை அமைக்கும் பணியையே மாணவரிடம் ஒப்படைத்தால் விளைவது யாது? தாம் அண்மையிற் கற்ற ஒன்றைத் தம்மினும் இளையோர்க்குக் கற்பிக்கும் மென்பொருளாக ஆக்குமாறு அவர்களைப் பணித்தால், அவர்தம் கல்வி வளருமா, காலம் வீணாகுமா?

இவ்வினாவை அமெரிக்க நாட்டு அறிஞர் சிலர் 1980களில் வகுப்பறையில் வைத்தே ஆய்ந்தனர். அவர்கள் கண்ட முடிபு, தமிழ் இலக்கண மரபு பல நூற்றாண்டுகட்கு முன்னரே சொல்லிவைத்த ஒரு கணக்கோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கி, தமிழ்த்துறை மாணவர்க்கு அதனாற் பெறப்படும் பயன் இன்னதென விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நன்னூல் கூறும் கணக்கு

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லல், மாணாக்கன், பாடங் கேட்டல் என்னும் ஐந்தன் வரலாற்றையும் முறையே கூறும். இவற்றுள் இறுதியாகிய பாடங் கேட்டற் பகுதியில் ஒரு கணக்கு உளது. ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் எத்துணை நன்றாக உளங்கொள்ளினும் அவன் பெறுவது புலமையிற் காற்கூறேயாம். உடன் பயில்வாரோடு கூடிப் பயில்வதனால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய இரு காற்கூறும், அஃதாவது செம்பாதி, கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக விரித்துரைப்பதனாலேயே நிரம்பும்.

இக்கணக்கில் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, அது நிற்கும் இடம். பிறர்க்கு உரைத்தலைப் பற்றிய இக்கருத்தைப் பாடஞ் சொல்லற் பகுதியில் வையாது, பாடங் கேட்டற் பகுதியில் ஆசிரியர் வைத்துள்ளார். எனவே, உரைத்தல் என்பது கற்றல் முடிந்த பின்னர் நிகழும் வேறொரு தொழிலாக ஈண்டுக் கருதப்படவில்லை. அது கற்றலின் ஒரு கூறு; கூறுகளுள்ளும் பெரிய கூறு. இரண்டாவது, அவ்வுரைத்தல் வெறும் ஒப்பித்தலன்று. கற்பித்ததையன்றிப் பிறிதொன்று சொல்லமாட்டாக் கிளியை இடைப்பட்ட மாணாக்கர்க்கு உவமையாக வைத்தவர் இவ்வாசிரியர். கேட்பவன் எவ்விடத்து மயங்குவான் என்பதை அறிந்து, அம்மயக்கம் நீங்குமாறு உரைப்பதே விரித்துரைத்தல் எனப்படும்.

இன்றைய வகுப்பறையை இக்கணக்கால் அளந்து பார்த்தல் தகும். மாணவர் விரிவுரை கேட்கின்றனர், குறிப்பெடுக்கின்றனர், தம்முட் சிறிது கலந்து பேசுகின்றனர், தேர்வெழுதுகின்றனர். தேர்வில் அவர் உரைப்பது, முன்னரே விடை அறிந்த ஒருவர்க்கு. அறியாதார்க்கு அறிவிக்கும் வாய்ப்பு, முதுகலை முடியுந்துணையும் அவர்க்குக் கிடைப்பது அரிது. தாம் ஒரு சூத்திரத்தை உண்மையாக உணர்ந்தது அதனை முதன்முறை வகுப்பில் நடத்த நேர்ந்தபோதுதான் என்று கூறும் ஆசிரியர் நம்மிடையே பலர் உளர். அங்ஙனமாயின், ஆசிரியராகாத மாணவர்க்கு அவ்வரைக்கூறு கிட்டாமலே போகின்றதன்றோ?

2. ஆசிரியனாகிய பொறியும் மாணவனாகிய பொறியும்

பொறியைக் கொண்டு கற்பிக்கும் முயற்சி கணிப்பொறிக்கும் முற்பட்டது. 1950களில் உளவியலறிஞர் ஸ்கின்னர் கற்பிக்கும் பொறி ஒன்றை அமைத்து அதன் கொள்கையை விளக்கினார். பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்தல், ஒவ்வொரு படியிலும் வினவுதல், விடை சரியா என்பதை உடனே அறிவித்தல் ஆகியன அதன் இயல்புகள். 1960ஆம் ஆண்டில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட பிளேட்டோ என்னும் அமைப்பு, கணிப்பொறி வழியாகவே பாடங்களை மாணவர்க்கு அளித்தது. இவற்றிலெல்லாம் பொறி ஆசிரியனிடத்தில் நின்றது. வினவுவது பொறி; விடை கூறுவது மாணவன்.

இம்முறையைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தவர் சீமோர் பேப்பர்ட் ஆவார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயிடம் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய இவர், பின்னர் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். 1967ஆம் ஆண்டில் இவரும் வாலஸ் ஃபர்சைக், சிந்தியா சாலமன் முதலியோரும் சிறார்க்கென லோகோ என்னும் கணிமொழியை உருவாக்கினர். ஆமை எனப் பெயரிய ஒரு சிறு பொறிக்கோ, திரையில் அதன் உருவுக்கோ கட்டளையிட்டுச் சிறுவர் கோலங்கள் வரையலாம். பொறி சிறுவனை இயக்குதல் வேண்டா, சிறுவனே பொறியை இயக்குக என்பது பேப்பர்ட்டின் கொள்கை. ஒன்றும் அறியாத பொறிக்குத் தன் எண்ணத்தை ஐயத்திற்கிடமின்றி விளக்கும்போது, சிறுவன் தன் எண்ணத்தையே ஆராய்கின்றான் என்று அவர் கருதினார். 1980இல் வெளிவந்த அவர் நூல் இக்கொள்கையை உலகறியச் செய்தது.

எனினும், கொள்கை கொள்கையாகவே நின்றுவிடின் பயனில்லை. 1984ஆம் ஆண்டளவில் ராய் பீ, மிடியன் குர்லண்ட் என்னும் இரு அறிஞர், லோகோ பயின்ற சிறார், பயிலாதாரைக் காட்டிலும் திட்டமிடும் திறனிற் சிறந்து விளங்கவில்லை எனத் தம் ஆய்வுகளாற் காட்டினர். நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த அளவிலேயே சிந்தனை வளர்ந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு இஃது ஒரு தடையாயிற்று. நிரலெழுதுதல் மட்டும் போதாதெனின், வேறு எது வேண்டும்? இவ்வினாவிற்கு விடை தர முயன்றதே பின்வரும் ஆய்வு.

3. பாஸ்டன் நகரத்து ஆய்வு

பாஸ்டன் நகரில் ஹென்னிகன் என்னும் தொடக்கப் பள்ளியில் 1980களின் நடுப்பகுதியில் பேப்பர்ட் குழுவினர் கணிப்பொறிகளை நிறுவினர். அப்பள்ளியில் 1987ஆம் ஆண்டில் இடித் ஹாரெல் என்னும் ஆய்வாளர் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். நான்காம் வகுப்பு மாணவர் 17 பேர். வாரத்திற்கு ஏறத்தாழ 4 மணி வீதம் 15 வாரமளவு அவர்க்கிட்ட பணி ஒன்றே: தமக்குக் கீழுள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகட்குப் பின்னக் கணக்கைக் கற்பிக்கும் மென்பொருளை லோகோ மொழியில் ஆக்குதல்.

பின்னம் அவ்வயதினர்க்கு எளிதன்று. ஆசிரியர் பலரும் இடர்ப்படும் பகுதி அது. தமக்கே தெளிவாகாத ஒன்றைப் பிறர்க்குத் தெளிவாக்குமாறு அச்சிறார் பணிக்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது. நாள்தோறும் கணிப்பொறிமுன் அமருமுன், அன்று செய்யக் கருதியதைத் தம் குறிப்பேட்டில் எழுதினர். எழுந்தபின், செய்ததையும் இடர்ப்பட்டதையும் எழுதினர். எதனைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பனவற்றை அவர்களே முடிவு செய்தனர். ஒருவர் ஆக்கத்தை ஒருவர் எழுந்து சென்று காணவும், கேட்கவும், பின்பற்றவும் தடையில்லை. யாருக்காக அவை ஆக்கப்பட்டனவோ அம்மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் இடையிடையே வந்து அவற்றைப் பார்த்தனர்.

அவ்வகுப்பில் ஒரு சிறுமியின் வரலாறு விரிவாகப் பதியப்பட்டுள்ளது. தொடக்கத்தில், ஒரு வட்டத்தைப் பகுத்து ஒரு பகுதிக்கு வண்ணந் தீட்டினால், தீட்டிய பகுதி மட்டுமே பின்னம் என்றும், தீட்டாத பகுதி பின்னமன்று என்றும் அவள் எண்ணியிருந்தாள். பாடப் புத்தகங்களிற் கண்ட படங்களே அவள் அறிவின் எல்லையாக இருந்தன. இதனைப் பிறர்க்குக் கற்பிக்க வேண்டி வந்தபோது, என்ன காட்டுவது என்று பல நாள் எண்ணினாள். முடிவில் அவள் ஆக்கிய திரையில் ஒரு வீடும் ஞாயிறும் வண்டியும் இருந்தன. அவற்றிற் பாதி பாதியாக வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. பின்னம் என்பது வகுப்பறை வட்டத்துள் அடங்குவதன்று, நாம் நாளும் காணும் பொருள்களிலெல்லாம் உள்ளது என்பதைத் தன் இளைய மாணவர்க்கு அவள் அறிவிக்கக் கருதினாள். அறிவித்தற்கு முன்னர் அவளே அதனை அறிய வேண்டியிருந்தது. இதனையன்றோ நன்னூலார் அரைக்கூறு என்றார்!

ஆய்வின் இறுதியில் அப்பள்ளியின் வேறு இரு நான்காம் வகுப்புகளோடு இவ்வகுப்பு ஒப்பிடப்பட்டது. மூன்று வகுப்பினரும் பள்ளிப் பாடத்திட்டத்தின்படி பின்னம் கற்றவரே. எனினும், பின்னத் தேர்விலும் லோகோத் தேர்விலும் மென்பொருள் ஆக்கிய வகுப்பினரே சிறந்து நின்றனர். 1988இல் ஆய்வேடாக அமைந்த இவ்வாராய்ச்சி, 1991இல் நூலாக வெளிவந்தது. ஒரு பொருளை ஆக்குவதன் வழியாக அறிவை ஆக்கிக்கொள்ளுதல் என்னும் கொள்கைக்கு இவ்வாய்வு ஒரு தூணாயிற்று.

4. எழும் ஐயங்கள்

இம்முடிபினை ஆராயாது ஏற்றல் முறையன்று. அறுபது மணியளவு பின்னத்தோடே உறவாடியவர், அங்ஙனம் உறவாடாதவரைக் காட்டிலும் சிறத்தல் இயல்புதானே என்று ஒருவர் வினவலாம். இவ்வினா தக்கதே. இதற்கு விடையாக, 1980ஆம் ஆண்டு ஜான் பார்க், யாக்கொவ் ஷுல் என்போர் செய்த ஆய்வினைக் காட்டலாம். ஒரே பாடத்தை ஒரு சாரார் தேர்வெழுதும் பொருட்டும், மற்றொரு சாரார் பிறர்க்குக் கற்பிக்கும் பொருட்டும் படிக்குமாறு அவர்கள் செய்தனர். கற்பிக்கும் நோக்கோடு படித்தவரே பின்னர் நிகழ்ந்த தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றனர். உண்மையாகக் கற்பிக்கப் புகாமலே, கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணமே படிக்கும் முறையை மாற்றிவிட்டது. ஆதலின், நேரத்தின் மிகுதி ஒன்றே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. கேட்கப்போகும் ஒருவனைக் கருத்தில் நிறுத்துதலும் ஒரு காரணமாம்.

மற்றோர் ஐயம், மாணவர் ஆக்கும் பொருளின் தகுதியைப் பற்றியது. ஹாரெலின் வழியில் யாஸ்மின் காஃபாய் 16 மாணவரைக் கொண்டு ஆறு திங்கள் ஓர் ஆய்வு நிகழ்த்தி, அதனை 1995இல் நூலாக வெளியிட்டார். பின்னம் கற்பிக்கும் விளையாட்டுகளை அம்மாணவர் ஆக்கினர். அவற்றுட் பெரும்பாலனவற்றில் விளையாட்டு வேறாகவும் பாடம் வேறாகவும் பிரிந்தே கிடந்தன. வீரன் ஒருவன் செல்லும் வழியில் வாயில் அடைபட்டிருக்கும். ஒரு பின்ன வினாவிற்கு விடை கூறினால் அது திறக்கும். வினா பின்னமாயினும், பெருக்கலாயினும், ஊர்ப்பெயராயினும் அவ்விளையாட்டிற்கு வேறுபாடில்லை. பாடத்தின் இயல்பே விளையாட்டின் இயல்பாக அமைந்தவை சிலவே.

இது மாணவர் பிழை மட்டுமன்று. சந்தையில் விலைக்குக் கிடைக்கும் கற்பிப்பு மென்பொருள்களிலும் இக்குறை காணப்படும். மாணவரிடம் பணியை ஒப்படைத்த அளவில் நன்மை தானே விளைந்துவிடாது என்பதையே இது நமக்கு உணர்த்துகின்றது. எதனைக் கற்பிக்கின்றோமோ அதன் உள்ளியல்பிலிருந்தே வினாவும் விடையும் பிறத்தல் வேண்டும். இதனைத் தமிழ் இலக்கணத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவாம்.

5. மகரவீற்றுப் புணர்ச்சி: ஓர் எடுத்துக்காட்டு

முதுகலை மாணவர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு மகரவீற்றுப் புணர்ச்சியைக் கற்பிக்கும் மென்பொருளை ஆக்கப் புகுகின்றார் எனக் கொள்வோம். மகரவீற்றுச் சொல் வல்லினத்தோடு புணருங்கால், மகரம் கெட்டு வல்லெழுத்து மிகுதலும், மகரம் வருமெழுத்திற்கு இனமாகத் திரிதலும் உண்டு என அவர் கற்றிருக்கின்றார். மரம் + கிளை என்பது மரக்கிளை எனவும், மரம் + குறிது என்பது மரங்குறிது எனவும் முடியும். தேர்வில் இவ்வளவு எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

பொறிக்கு இது போதாது. இரு தொடரிலும் நிலைமொழி ஒன்றே. வருமொழி முதலெழுத்தின் மெய்யும் ஒன்றே. எப்போது கெட்டு மிகும், எப்போது திரியும் என்பதை அதற்குச் சொல்லுதல் வேண்டும். மாணவர் எண்ணிப் பார்த்து, வேற்றுமையாயின் கெட்டு மிகும், அல்வழியாயின் திரியும் என ஒரு விதி வகுக்கின்றார். பின்னர் வட்டம் + கல் என்னும் தொடரை இட்டுப் பார்க்கின்றார். அது பண்புத்தொகை, ஆதலின் அல்வழி. பொறி அவர் சொற்படியே நடந்து வட்டங்கல் என்று விடை தருகின்றது. வழக்கோ வட்டக்கல் என்பது. விதி தவறிவிட்டது. பிழை பொறியினுடையதன்று, தம் விளக்கத்தினுடையது என்பதை மாணவர் உணர்கின்றார். எழுவாய்த் தொடரையும் பண்புத்தொகையையும் அல்வழி என்னும் ஒரு பெயரால் அடக்கிவிட்டது எத்துணைக் குறைபாடு என்பது அப்போது விளங்குகின்றது. உரையாசிரியர் ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் ஏன் அங்ஙனம் தேர்ந்து வைத்தனர் என்பதும் விளங்குகின்றது.

அடுத்து, குளம் + கரை என்பதை இடுகின்றார். திருத்திய விதி குளக்கரை என்று கூறுகின்றது. இளைய மாணவன் ஒருவன் குளங்கரை என்று விடை எழுதினால், மென்பொருள் அதனைத் தவறென்று தள்ளிவிடும். குளங்கரை தவறா? வேற்றுமைக்கண் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் உறழ்ந்து வருதலை இலக்கணம் உடன்படுகின்றது. இவ்விரு வடிவும் உரைகளிற் காட்டப்பெறுவனவே. நல்ல தமிழ் வடிவம் ஒன்றைப் பொறி தவறென்று கூறி, ஆயிரம் பிள்ளைகள் அதனை நம்புவாராயின், அதனால் மொழிக்கு விளையும் கேடு சிறிதன்று. உறழ்ச்சி என்னும் சொல்லை மனப்பாடம் செய்தவர் பலர். அச்சொல்லின் பொறுப்பை இங்ஙனம் உணர்ந்தவர் சிலரே ஆவர்.

இனி, தவறான விடைகளை நோக்குவோம். மரம் + கிளை என்பதற்கு ஒரு மாணவன் மரம்கிளை என்றும், மற்றொருவன் மரகிளை என்றும், பிறிதொருவன் மரங்கிளை என்றும் எழுதலாம். மூன்றும் தவறே. ஆயின் மூன்றும் ஒரு தவறல்ல. முதலாமவன் இங்குத் திரிபுண்டு என்பதையே அறியான். இரண்டாமவன் மகரம் கெடுதலை அறிவான். வல்லெழுத்து மிகுதலை மறந்தான். மூன்றாமவன் எழுவாய்த் தொடருக்குரிய திரிபை இங்குக் கொண்டுவந்து வைத்தான். அவனுக்கு விதி தெரியும், தொடர் வகை தெரியாது. மூவருக்கும் 'தவறு, மீண்டும் முயல்க' என்று ஒரே சொல்லைச் சொல்லும் மென்பொருள் எவருக்கும் ஆசிரியனாகாது. ஒவ்வொருவனுக்கும் வெவ்வேறு விளக்கம் தருமாறு அமைத்தற்கு, ஆக்குவோன் தவறுகளை முன்னறிந்து வகைப்படுத்தல் வேண்டும். சரியான விடையை அறிதல் கேட்டலாற் பெறும் காற்கூறு. தவறான விடையின் காரணத்தை அறிதலோ விரித்துரைத்தலாற் பெறும் அரைக்கூறு.

6. எழுத்தெண்ணும் பொறி

எழுத்தியலிலும் இத்தகைய படிப்பினை உண்டு. தமிழ் என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று வினவினால், மூன்று என்று சிறுவனும் கூறுவான். கணிமொழி பலவற்றில் அச்சொல்லின் நீளத்தை அளக்குமாறு பணித்தால், ஐந்து என்று விடை வரும். மாணவர் முதலில் திகைப்பர். காரணம் ஒருங்குறி முறையில் உள்ளது. அம்முறையில் அகரமேறிய உயிர்மெய்களுக்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆதலின் தமிழ் என்பது தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்தாகச் சேமிக்கப்படுகின்றது.

நம் இலக்கணமோ மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆயிற்று என்னும். மி என்பது ம், இ என்பவற்றின் கூட்டம். பொறியின் கணக்கில் அஃது அகரமேறிய மகரமும் இகரக் குறியும் கூடியது. இலக்கணத்தில் மெய் முதல்; பொறியில் அகர உயிர்மெய் முதல். இலக்கணம் ஒலியைப் பகுக்கின்றது. பொறி வரிவடிவைப் பகுக்கின்றது. ஒலியெழுத்திற்கும் வரியெழுத்திற்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை முறை விரிவுரையிற் கேட்டாலும் ஏற்படாத தெளிவு, எழுத்தெண்ணும் சிறு நிரலொன்றைத் தாமே திருத்தி மூன்று என்னும் விடையை வருவிக்கும்போது மாணவர்க்கு ஏற்பட்டுவிடும்.

பிறிதொன்றும் உண்டு. கொ என்பதை ஒருங்குறியில் ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வேறு. இவ்விரண்டையும் முதலில் ஒரு நிலைப்படுத்தாத மென்பொருள், சரியாக விடையெழுதிய பிள்ளையைத் தவறென்று கூறிவிடும். தமிழறியாத நிரலாளர்க்கு இவ்விடர் தோன்றாமற் போகலாம். தமிழறிந்து பொறியறியாதவர்க்கு இதன் காரணம் புலப்படாது. இரண்டும் ஒருவரிடத்துச் சேர்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

7. வகுப்பில் நடத்தும் முறை

இதனை முதுகலை வகுப்பில் நடத்த விரும்புவோர் சில முறைகளைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, கேட்போன் யார் என்பதை வரையறுத்தல் வேண்டும். எல்லார்க்கும் பொதுவாக ஆக்கப்படுவது ஒருவருக்கும் பயன்படாது. அருகிலுள்ள ஒரு பள்ளியின் ஒரு வகுப்பைக் குறித்துக்கொண்டு, அப்பிள்ளைகளை இருமுறையேனும் நேரிற் கண்டு உரையாடுதல் வேண்டும். இரண்டாவது, பாடத்தின் அளவு சிறியதாதல் வேண்டும். புணரியல் முழுவதையும் மேற்கொள்ளுதல் கூடாது. மகரவீறு ஒன்றே ஒரு பருவத்திற்குப் போதும்.

மூன்றாவது, கணிப்பொறியைத் தொடுமுன் தாளில் எழுதுதல் வேண்டும். என்ன வினவப்படும், எவ்வெவ் விடைகள் வரலாம், ஒவ்வொரு விடைக்கும் பொறி என்ன சொல்லும் என்பனவற்றை அட்டவணையாக எழுதினால், பணியிற் பாதி முடிந்ததாகும். நான்காவது, நிரலெழுதும் கருவி எளியதாதல் வேண்டும். 2007இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் வெளியிட்ட ஸ்கிராச், கட்டங்களைக் கோத்து நிரல் அமைக்க உதவுவது. தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிடத்தக்க எழில் என்னும் கணிமொழியும் உண்டு. ஒன்பது பத்து அகவைச் சிறார் செய்த ஒன்றை முதுகலை மாணவர் செய்யமாட்டார் என அஞ்சுதற்கு இடமில்லை.

ஐந்தாவது, நாட்குறிப்பு இன்றியமையாதது. ஹாரெலின் வகுப்பில் நிகழ்ந்தது போலத் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் சில நிமிடம் எழுதுதல் வேண்டும். மதிப்பெண் வழங்குங்கால், மென்பொருளின் அழகைக் காட்டிலும் அந்நாட்குறிப்பில் விளங்கும் சிந்தனைக்கே ஆசிரியர் முதன்மை தருதல் தகும். இறுதியாக, ஆக்கியதைப் பிள்ளைகள் முன் வைத்து, வாய் திறவாது அருகிருந்து காணுதல் வேண்டும். எவ்விடத்துப் பிள்ளை தயங்குகின்றதோ அவ்விடத்து நம் விளக்கம் குறைபட்டது என்பது அப்போது தெரியவரும்.

8. பொறியே நிரலெழுதும் காலத்தில்

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், வேண்டுவதைச் சொன்னால் நிரலைப் பொறியே எழுதித் தரும் நிலை தோன்றியுள்ளது. இனி மாணவர் நிரலெழுதக் கற்பது எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். நாம் மேலே கூறியவற்றை நோக்கின், நிரலெழுதும் கைத்திறன் இம்முறையின் உயிரன்று என்பது புலனாகும். நிரலை மட்டும் பொறி எழுதுமாயின் இழப்புப் பெரிதன்று. தமிழ் மாணவர்க்கு ஒரு தடை நீங்கியதாகவும் கொள்ளலாம். குளங்கரை சரியா என்பதை முடிவு செய்வதும், மரங்கிளை என்று எழுதிய பிள்ளை எதனை அறியவில்லை என்று கண்டறிவதும் மாணவர் கடமையாகவே நிற்கும்.

ஆயின், பாடத்தை அமைப்பதையும், தவறுகளை வகைப்படுத்துவதையும், விளக்கம் எழுதுவதையும் பொறியிடமே விட்டுவிட்டால் நிலைமை வேறு. அப்போது விரித்துரைப்பது பொறி; அரைக்கூறு மாணவர்க்கு இல்லை. மென்பொருள் முன்னினும் அழகாக அமையலாம். அதனை அளித்தவர் அறிவு இருந்த இடத்திலேயே இருக்கும். எதனைப் பொறியிடம் விடலாம், எதனை விடலாகாது என்று பிரித்தறிதற்கு நன்னூலின் கணக்கு இன்றும் அளவுகோலாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கற்பிக்கும் மென்பொருளை மாணவரே ஆக்குதல் என்பது கணிப்பொறிப் பயிற்சியின் ஒரு கிளையன்று, கற்றலின் நிறைவுப் பகுதி என்பது பெறப்படும். வெறும் நிரலெழுதுதல் சிந்தனையை வளர்க்கவில்லை என 1984இல் ஓர் ஆய்வு கூறிற்று. கற்பிக்கும் பொருட்டு நிரலெழுதுதல் அறிவை வளர்த்தது என 1987இல் நிகழ்ந்த ஆய்வு காட்டிற்று. இரண்டற்கும் இடையே உள்ள வேறுபாடு, மறுபுறத்தே கற்பதற்கு ஒரு பிள்ளை இருந்தமையே.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் பலவற்றிற் கணித்தமிழ் பாடமாக இடம்பெற்றுள்ளது. பிறர் ஆக்கிய கருவிகளைக் கையாளும் பயிற்சியோடு அது நின்றுவிடுமாயின், நம் இலக்கணம் பொறியில் எவ்வடிவு பெறும் என்பதை அவ்விலக்கணம் அறியாதாரே முடிவு செய்வர். நம் மாணவரோ புலமையில் ஒரு பாதியோடு பட்டம் பெறுவர். ஒரு பருவத்தில் ஒரு சூத்திரத்தை ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் கற்பிக்குமாறு அவர்களைப் பணிப்போமாயின், இவ்விரு குறையும் நீங்கத் தொடங்கும். அறிஞர் இதனை ஆராய்ந்து, தத்தம் வகுப்பிற்கேற்ப மேற்கொள்வாராக.